காயம்பட்டவர் கட்டிய இல்லம்: பண்டித ரமாபாயும் நம் பங்குகளும்



ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேடு, ஆரணி பகுதிகளில் பட்டுத்தறி ஓசை நமக்குப் பழகிப்போன ஒன்று. தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவு நின்றுவிடும். அறுந்ததைப் பார்க்காதது போல நாடாவைத் தள்ளிக்கொண்டே போனால் சேலை முழுவதும் அந்தக் குறை ஓடும். ஆகவே நெசவாளி கையை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, இன்னோர் இழையோடு சேர்த்து மெல்லப் பிணைக்கிறார். அவசரப்பட்டு இழுத்தால் பக்கத்து இழையும் அறும். இது பொறுமையின் வேலை.

நம் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இப்படி உள்ளுக்குள் அறுந்துபோனவர்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், முன்பணத்துக்காகச் சிறுவயதிலேயே தறியில் உட்காரவைக்கப்பட்டு இன்று ஐம்பது வயதாகிவிட்ட அண்ணன், வீட்டில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் குடும்பம், நம்பிய ஒருவராலேயே சீரழிக்கப்பட்ட குழந்தை... இவர்கள் நம் பக்கத்துப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். திருச்சபையாகிய நாம் இவர்களுக்கு என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியோடு, இந்த மண்ணில் பிறந்து பெரும் துயரங்களைக் கடந்து, பிறர் துயர் துடைக்கத் தன்னையே கொடுத்த ஒரு பெண்மணியின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் பண்டித ரமாபாய்.

அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். பிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த சகோதர சகோதரிகளிடம் விளங்கும் தூய ஆவியாரின் கொடைகளை மகிழ்ச்சியோடு ஏற்று, அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மை அழைத்திருக்கிறது. அந்த மனதோடு இவரை அணுகுவோம்.

பஞ்சம் தின்ற குடும்பம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி சிறந்த சமஸ்கிருத அறிஞர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பது பாவம் என்று கருதப்பட்ட காலத்தில் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். ஊர் எதிர்த்தது, அவர் அசையவில்லை. அந்தத் தாயே பின்னர் மகளுக்கு ஆசிரியை ஆனார்.

இக்குடும்பத்துக்கு நிலையான வீடு இல்லை. திருத்தலம் திருத்தலமாக நடந்து, புராணம் வாசித்து, மக்கள் தருவதைக் கொண்டு வாழ்ந்தார்கள். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர்கள் சொல்லி நடுங்கிய 1876-78 பஞ்சத்துக்குச் சற்று முன்பு, 1870களின் நடுப்பகுதியில், தென்னகத்தில் வந்த பஞ்சம் இவர்களைப் பிடித்தது. கையிலிருந்த பணமும் பாத்திரங்களும் தீர்ந்தன. நம் பகுதியிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருப்பதிப் பக்கத்துக் காட்டில், இலைதழையும் தண்ணீருமாக அவர்கள் பல நாட்களைக் கழித்தார்கள். வயது முதிர்ந்து பார்வையும் மங்கிப்போன தந்தை அங்கே உடல் தளர்ந்து, சில நாட்களில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் தாயும் இறந்தார். அக்காவும் போனார். எஞ்சியவர்கள் ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டுமே.

அண்ணனும் தங்கையும் நடக்கத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்கே பஞ்சாப், காஷ்மீர் வரை பல ஆண்டு நடை. போர்த்திக்கொள்ளத் துணியில்லாத குளிர் இரவுகளில், ஜீலம் ஆற்றங்கரையில் சவக்குழி போலப் பள்ளம் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய மணலைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள் என்பதை ரமாபாயே பின்னாளில் எழுதியிருக்கிறார். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் உள்ளத்தில் இவை எத்தகைய வடுக்களை விட்டிருக்கும்!

1878இல் கல்கத்தா வந்தபோது அவரது சமஸ்கிருதப் புலமையைக் கண்டு அறிஞர்கள் வியந்து, பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினார்கள். ஆனால் துயரம் நிற்கவில்லை. 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு சாதித் தடையை மீறி, பிபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882இல் காலரா கணவரைக் கொண்டுபோனது. இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை. அந்தக் காலத்து இந்தியாவில் விதவை என்றால் அபசகுனம் என்றே பொருள்.

அறையில் துணைக்கு ஒருவர்

அவர் முடங்கிவிடவில்லை. புனேவுக்கு வந்து பெண்களுக்கான ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அதே 1882இல் அரசின் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று சாட்சியம் அளித்தார். 1883இல், மருத்துவம் படிக்கும் ஆசையோடு மகளையும் ஒரு தோழியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். வான்டேஜ் நகரில் இருந்த தூய கன்னி மரியா சபையின் ஆங்கிலிக்கன் துறவற சகோதரிகள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள்.

அங்கே இன்னொரு இடி விழுந்தது. உடன் வந்த தோழி மனம் கலங்கி அதே ஆண்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அறிமுகமில்லாத நாட்டில், தன் மொழி பேசிய ஒரே துணையும் இப்படிப் போனது ரமாபாயை நொறுக்கியது. பின்னர் அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் மாக்ஸ் முல்லரின் வீட்டில் தங்கினார். இரவில் தனியாக உறங்க முடியாத அளவு அவரது நரம்புகள் தளர்ந்திருந்தன. ஆகவே அவ்வீட்டார் ஒரு பணிப்பெண்ணை ஒவ்வோர் இரவும் அவரது அறையிலேயே படுக்கச் செய்தார்கள். கேட்கும் திறனும் குறைந்ததால் மருத்துவக் கனவு கலைந்தது.

அன்புக்குரியவர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியில் சற்று நில்லுங்கள். அந்த வீட்டார் அவருக்குத் தத்துவம் சொன்னதாகத் தெரியவில்லை. இரவில் ஒரு மனிதத் துணையைக் கொடுத்தார்கள். சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா இறைவாக்கினரிடம் ஆண்டவர் நடந்துகொண்டதும் இப்படித்தானே! தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்க விட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். பேச்செல்லாம் பிறகுதான், மலை மேல். நாமோ பல வேளைகளில் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம். துக்க வீட்டில் நுழைந்தவுடன் எல்லாம் கடவுளின் சித்தம் என்கிறோம். அடிபட்டவளிடம் மன்னித்துவிடு என்கிறோம். அப்பமும் உறக்கமும் துணையும் தரும் முன்பே அறிவுரை தந்துவிடுகிறோம்.

அவர் கண்ட கிறிஸ்து

ரமாபாய் கிறிஸ்துவை எங்கே கண்டார் என்பது நம் பங்குகளுக்குப் பெரிய பாடம். லண்டனின் ஃபுல்லம் பகுதியில் அச்சகோதரிகள் ஓர் இல்லம் நடத்தி வந்தார்கள். கெட்டுப்போனவர்கள் என்று சமூகம் தள்ளிய பெண்கள் அங்கே மதிப்போடு நடத்தப்பட்டார்கள். அதைப் பார்த்து ரமாபாய் திகைத்தார். இத்தகைய பெண்களுக்கு யாராவது இரக்கம் காட்டி அவர் அதுவரை கண்டதில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி சமாரியப் பெண்ணை இயேசு கிணற்றடியில் சந்தித்த நிகழ்ச்சியை வாசித்துக் காட்டி விளக்கினார். அந்த நாள் அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் மகளோடு திருமுழுக்குப் பெற்றார்.

ஆனால் கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. திருமுழுக்குக்குப் பின் ரமாபாய் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தார். கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டார், மகளை எப்படி வளர்ப்பது என்பதில் தன் உரிமையை வலியுறுத்தினார். யாருக்குப் பாடம் சொல்லித்தரலாம், யாருக்குக் கூடாது என்று சபைத் தலைவர்கள் முடிவு செய்ய முயன்றபோது மறுத்தார். அவரை ஞானத்தாய் போலப் பேணிய சகோதரி ஜெரால்டின் வருந்தினார், அவரிடம் செருக்கு இருக்கிறதோ என்று அஞ்சினார். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்துள்ளன. அவற்றில் அன்பும் இருக்கிறது, மோதலும் இருக்கிறது.

எல்லாவற்றையும் இழந்தவர், எஞ்சியிருக்கும் தன் சுதந்திரத்தை இறுகப் பிடித்துக்கொள்வார். காயம்பட்டவருடைய கேள்விகளை நாம் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உதவி பெறுகிறவர் நன்றியோடு தலைகுனிந்தே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அன்பாகாது. ஆனாலும் அந்தச் சகோதரி மோதலுக்குப் பின்னும் உறவை அறுத்துவிடவில்லை, கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. காயம்பட்டவரோடு நடப்பது என்றால் அதுவும் அடங்கியதுதான்.

முக்தி: விடுதலையின் இல்லம்

1886இல் அமெரிக்கா சென்ற ரமாபாய், அடுத்த ஆண்டு இந்திய உயர்சாதிப் பெண்களின் நிலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு நிதி திரட்டினார். 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதன் என்னும் இல்லத்தைக் குழந்தை விதவைகளுக்காகத் தொடங்கினார். அங்கே முதலில் வந்து சேர்ந்த விதவையே பின்னாளில் சமூக சீர்திருத்தவாதி கார்வேயின் மனைவியானார். இல்லம் பிறகு புனேவுக்கு மாறியது.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்ற செய்தி வந்தது. தன் இளமைப் பஞ்சத்தின் நினைவுகள் மீண்டும் எழுந்தன. அந்த நினைவுகளிலிருந்து அவர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தாமே நேரில் சென்றார். பஞ்ச முகாம்களில் இளம்பெண்கள் உணவுக்காக எப்படியெல்லாம் ஏமாற்றப்படுகிறார்கள் என்று கண்டார். நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். அப்போது புனேயில் பிளேக் நோய். ஊருக்குள் இவ்வளவு பேரை வைத்திருக்க முடியாத நிலையில், சற்றுத் தொலைவில் கேட்கான் என்ற இடத்தில் இருந்த நிலத்தில் குடிசைகள் போட்டுத் தங்கவைத்தார். இதுவே முக்தி என்னும் இல்லமாக வளர்ந்தது. 1900ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறக்குறைய 2000 பேர் வாழ்ந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் அமைதியானவர்கள் அல்லர். பட்டினியில் வளர்ந்த பிள்ளைகள் உணவைத் திருடி ஒளித்துவைப்பார்கள், அடிபட்டவர்கள் அடிப்பார்கள், நம்பிக்கை இழந்தவர்கள் ஓடிப்போவார்கள். பெரிய துன்பத்தைக் கடந்துவந்த பிள்ளைகளோடு வாழ்ந்தவர்கள் எங்கும் சொல்வது இது. ரமாபாய் அவர்களுக்கு உணவும் உடையும் படிப்பும் கொடுத்ததோடு கையில் தொழிலையும் கொடுத்தார். தோட்டம், பால்பண்ணை, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், இவற்றோடு தறியும் இருந்தது. நம் ஊர்களில் ஒரு காலத்தில் தறி பிள்ளைகளைக் கடனுக்குக் கட்டிப்போடும் இடமாக இருந்தது. கேட்கானில் அதே தறி, உடைந்த பெண்ணுக்குத் தன் கையாலும் ஒன்றை உருவாக்க முடியும் என்று காட்டும் இடமாக இருந்தது. கருவி ஒன்றுதான், அதன் முன் உட்கார்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் அடிமைத்தனமும் விடுதலையும் பிரிகின்றன.

பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காகக் கிருபா சதன் என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார். பார்வையற்றோருக்கு மகள் மனோரமாவின் துணையோடு பிரெயில் கற்பித்தார். கண்ட அநீதியை வெளியே சொல்லவும் அவர் தயங்கவில்லை. 1897இல் புனே பிளேக் நடவடிக்கைகளில் பெண்கள் நடத்தப்பட்ட விதம் குறித்துப் பத்திரிகையில் எழுதிக் கேள்வி எழுப்பினார். அதிகாரிகளுக்கு அது கசந்தது. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், உதவி நின்றுவிடும் என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். துயரத்தில் வந்த பெண்களை அவர் மதம் மாற்றுகிறார் என்று 1893இல் புனேயில் பெரும் சலசலப்பு எழுந்து, பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றார்கள். தன் செபவேளையின் கதவு திறந்திருந்தது, யாரையும் வற்புறுத்தவில்லை என்பது அவர் தரப்பு. இதில் நாமும் நம்மையே ஆய்ந்து பார்க்கலாம். உதவி தேவைப்படும் ஒருவரால் இல்லை என்று சொல்ல முடியாது. அவருடைய அந்த இயலாமையை நாம் எந்த நல்ல நோக்கத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. நல்ல சமாரியர் காயத்துக்கு எண்ணெய் வார்த்தார், சாவடிக்காரரிடம் பணம் கொடுத்தார், திரும்பி வருவதாகச் சொன்னார். காயம்பட்டவரிடம் எதையும் கேட்கவில்லை.

கடைசி ஆண்டுகளில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, படிப்பில்லாத மராத்தியப் பெண்களுக்கும் புரியும் எளிய நடையில் திருவிவிலியத்தை மொழிபெயர்த்தார். 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். பெற்றோர், அக்கா, அண்ணன், கணவன், தோழி, இப்போது ஒரே மகள். அதற்குப் பிறகும் அவர் மொழிபெயர்ப்புப் பணியை விடவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1989இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கேட்கான் முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2025இல் நம்மைவிட்டுப் பிரியும்வரை, திருச்சபை போர்க்களத்து மருத்துவமனையாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். ரமாபாயின் வாழ்வு அதற்கு ஐந்து வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, உடனிருத்தல். அன்பியத்தில் ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால், முதல் வாரம் எல்லாரும் போகிறோம். முப்பதாம் நாளுக்குப் பிறகு யார் போகிறார்கள்? இரவு நேரத்தில் துணைக்குப் படுக்க ஒரு பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒருவர் என்று அன்பியம் மூன்று மாதமாவது முறைவைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கேட்டல். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. சொன்னால் இடைமறிக்கக் கூடாது, கேட்டதை வெளியே பேசக் கூடாது. குறிப்பாகத் தியானக் கூட்டங்களில் அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதில் மிகுந்த கவனம் தேவை. அது நமக்கு உருக்கமாக இருக்கும், அவருக்குக் காயம் மீண்டும் திறந்துவிடும்.

மூன்றாவது, மன்னிப்பை அவசரப்படுத்தாமை. மன்னிப்பு இறைவனின் அருள், அது தன் வேளையில் கனியும். அடிக்கும் கணவனிடம் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டக் கூடாது. முதலில் அவள் உயிருக்குப் பாதுகாப்பு, மற்றவை பிறகு.

நான்காவது, மருத்துவத்தோடு கைகோத்தல். தூக்கமின்மை, திடீர் நடுக்கம், பழைய நிகழ்ச்சி கண்முன் மீண்டும் ஓடுவது, எதிலும் ஒட்டாத மனம் ஆகியவை விசுவாசக் குறைவும் அல்ல, பேயும் அல்ல. அதிர்ச்சியின் விளைவுகள், சிகிச்சை உண்டு. வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் மனநல உதவி கிடைக்கிறது. தொலைபேசியில் மனநல ஆலோசனைக்கு 14416, துன்புறும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை ஒவ்வோர் ஆலய அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைப்பது பெரிய செலவல்ல. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஐந்தாவது, உண்மைக்கு அஞ்சாமை. திருச்சபையின் உள்ளேயே சிறியோருக்குக் கொடுமை நடந்திருக்கிறது என்பதை நாம் வேதனையோடு ஏற்றாக வேண்டும். சிறாரின் பாதுகாப்புக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தனி ஆணையம் அமைத்தார், 2019இல் புகார்களை விசாரிக்கும் நெறிமுறைகளைத் திருச்சபை முழுவதற்கும் தந்தார். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம், பங்கின் பெயர், நிறுவனத்தின் நற்பெயர் எதுவும் ஒரு குழந்தையைவிடப் பெரியதல்ல.

உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களிடம் வந்தபோது காயங்களை மறைத்துக்கொண்டு வரவில்லை. தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். தழும்புகள் போகவில்லை, ஆனால் அவை இனி சாவின் அடையாளங்களும் அல்ல. ரமாபாயின் உள்ளத்திலும் திருப்பதிக் காட்டின் நினைவு கடைசிவரை மறையவில்லை. அந்த நினைவே நூற்றுக்கணக்கான சிறுமிகளைத் தேடிப்போக அவரை எழுப்பியது. எல்லாரும் அவரைப் போல இல்லம் கட்ட வேண்டியதில்லை. காயம்பட்டவர் பிறருக்கு உதவியாக மாறினால்தான் அவர் குணமானவர் என்றும் நாம் நினைக்க வேண்டாம். அவர் நம்மிடையே அச்சமின்றி உட்கார முடிந்தாலே போதும்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வீட்டுக்கு விரையாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். யாரோடும் பேசாமல் கடைசியாக எழுந்து போகும் அந்த ஒருவரைப் பாருங்கள். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா அம்மா என்று மட்டும் விசாரித்து, பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்து போங்கள். எம்மாவு வழியில் ஆண்டவர் செய்ததும் அப்படித்தான் தொடங்கியது.

செபம்: உடைந்த உள்ளத்தோருக்கு அருகில் இருக்கும் ஆண்டவரே, எங்கள் நடுவே மௌனமாகத் துன்புறும் சகோதர சகோதரிகளைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் அவசர வார்த்தைகளால் நாங்கள் மேலும் காயப்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் பணிவைத் தாரும். அறுந்த இழையைப் பொறுமையோடு பிணைக்கும் நெசவாளியின் கைகளை எங்கள் பங்குகளுக்குத் தந்தருளும். ஆமென்.